பேர் சொல்லாமல் விற்ற கோதுமை

அந்தத் தீவோட பேரை நான் சொல்லமாட்டேன், கேக்காதீங்க, பேர் சொல்லுததுன்னாலே இப்ப எனக்குப் பயம். கிரேக்க நாட்டுக் கடல்ல ஒரு சின்னத் துறை, துறையை ஒட்டி வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்ச வீடுக, அதுக்கு மேல ஒரு கோயில், கோயிலுக்கு மேல வெள்ளாடும் காத்தும், அம்புட்டுத்தான் ஊரு, அந்த ஊர்ல கப்பலை விட்டு இறங்குத ஆளு கண்ணுல முதல்ல படுத மாதிரி நீலக் கதவு போட்ட ஒரு தவேர்னா, நம்ம ஊர்ல சாப்பாட்டுக் கடைன்னு சொல்லுதோம்லா, அதுதான், அந்தக் கடைதான் நான் வாக்கப்பட்டுப் போன குடும்பத்துக்குச் சோறு போட்டுச்சு.

தூத்துக்குடிக்காரிக்கும் கிரேக்கத் தீவுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. என் வீட்டுக்காரரு பாந்தெலி வந்த கப்பல் நம்ம துறைமுகத்துல நின்னப்ப, ஏணியில வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டு நான் நர்ஸா இருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. காலுக்குக் கட்டுப் போடப் போனவ கழுத்தை நீட்டிட்டு வந்து நிக்கான்னு எங்கம்மா இன்னிக்கும் ஏசுவா. தவேர்னாவுக்கு முதலாளி அவரோட அக்கா காலியோப்பி, நல்ல கனத்த உடம்பு, கனத்த குரல், வாசல்ல நின்னு ஆள் பிடிக்கிறதும் அவதான், அடுப்புல நிக்கிறதும் அவதான். நான் அவளை மதினின்னு கூப்பிடுவேன், அது ஏதோ செல்லப்பேருன்னு அவளுக்கு நினைப்பு, இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

தீவுக்கு வாரவங்களுக்குத் திங்கிறதுதான் வேலை. வெயில்ல குளிப்பாங்க, வந்து திம்பாங்க, மறுபடி குளிப்பாங்க, மறுபடி திம்பாங்க. எட்டுக்கால் இருக்குத பேய்க்கணவாயைத் துணி காயப்போடுத மாதிரி கயித்துல போட்டுக் காயவச்சுக் கரியில சுட்டுக் குடுப்போம், திராட்சை இலையில சோத்தை வச்சுச் சுருட்டிக் குடுப்போம், மஞ்சப் பருப்பை மசிச்சு மேல ஆலிவ் எண்ணெய் ஊத்தி வச்சா நம்ம பருப்புக் கடைசல் மாதிரியே இருக்கும், அதைப் போயி வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டு ஆகா ஓகோன்னு சாப்பிடுவாங்க. எல்லாம் நல்லாத்தான் போயிக்கிட்டிருந்துச்சு, வினை ஒரு வெள்ளைக்காரி உருவத்துல வந்து இறங்குற வரைக்கும்.

அங்க ஒரு வழக்கம் உண்டு. செத்தவங்க பேருக்குக் கோதுமை அவிப்பாங்க, கோலிவான்னு பேரு, அவிச்ச கோதுமையில சர்க்கரை, மாதுளை முத்து, பாதாம், திராட்சை எல்லாம் கலந்து தாம்பாளத்துல பரப்பிக் கோயிலுக்குக் கொண்டுபோவாங்க, சாமியார் இன்னாருக்குன்னு பேர் சொல்லி ஜெபிப்பாரு, பொறவு வாசல்ல நின்னு வாரவன் போறவன் எல்லாத்துக்கும் கையில ஒரு பொட்டலம், வாங்கினவன் வாயில போடுமுன்னே அந்தச் செத்தவரைக் கடவுள் மன்னிப்பாராகன்னு பேர் சொல்லித்தான் போடணும். கோடை தொடங்குத ஆத்துமாச் சனிக்கிழமை அன்னைக்குக் கோயிலைப் படம் எடுக்கப் போன அந்த வெள்ளைக்காரி கையிலயும் ஒரு பொட்டலம் விழுந்திருக்கு, அவ தின்னுருக்கா, அடடா இது என்ன ருசின்னு ஊர் உலகத்துக்கெல்லாம் இன்டர்நெட்டுல எழுதிப் போட்டுட்டா, அதுக்கடுத்த கப்பல்ல இறங்கினவங்க எல்லாம் கடைக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு, பேய்க்கணவாய் வேண்டாம், அந்தக் கோதுமை இருக்கா, அந்தக் கோதுமை இருக்கான்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

காலியோப்பி ஒரு காலை முழுக்க யோசிச்சா. பொறவு பெரிய பானையை எடுத்துக் கழுவினா.

"மதினி, வேண்டாம்" என்னேன் நான். "சாவு விழுந்த துட்டி வீட்டுச் சோத்தை ஓட்டல்ல வச்சு வித்தா எங்க ஊர்ல ஓட்டலையே கொளுத்திப்போடுவாங்க."

"போடி பயந்தாங்கொள்ளி. பேர் சொல்லி ஜெபிச்சாத்தான் அது செத்தவங்க சோறு. பேரே சொல்லாம சர்க்கரை தூவி வச்சா அது வெறும் பலகாரம். நான் யார் பேரையும் சொல்லப் போறதில்லையே!"

ஊர்ச் சாமியாரைப் பாப்பான்னுதான் கூப்பிடுவாங்க, அந்தப் பாப்பா ஸ்பீரோகிட்ட கேட்டாங்க, அவரும் தாடியைத் தடவிக்கிட்டு, கோயிலுக்கு வரலை, பேர் சொல்லலை, அப்ப எனக்கு அதுல சோலி இல்லைன்னுட்டாரு, அவருக்கு அன்னைக்கு ஒரு கிண்ணம் போச்சு. பேரை விட்டுட்டா பாவமும் விட்டுப்போகும்னு அம்புட்டுப் பேரும் நம்பினாங்க. பேர் இல்லாத கோதுமை பேரைத் தேடிக்கிட்டு அலையும்னு ஒருத்தருக்கும் தோணலை.

முதல்ல கோஸ்மாவுக்கு வந்துச்சு. கோஸ்மா மீன்பிடிக்கிற ஆளு, தனிக்கட்டை, தினம் மத்தியானம் எங்க கடையில மொச்சைக் கஞ்சி குடிக்கிறவரு. அன்னைக்கும் குடிச்சாரு, குடிச்சாரு, குடிச்சுக்கிட்டே இருந்தாரு, கரண்டி வாய்க்குப் போகுது வருது, தொண்டை ஏறுது இறங்குது, கிண்ணத்துல கஞ்சி மட்டும் வச்சது வச்சபடி இருக்கு. "உப்பு கூடிப்போச்சா?"ன்னு காலியோப்பி இடுப்புல கையை வச்சுக்கிட்டுக் கேட்டா. "இல்லையே, நல்லாத்தான் இருக்கு, ஆனா வயித்துக்குள்ள ஒண்ணும் போன மாதிரி இல்லை, பசிக்குது"ன்னாரு. நான் அந்த மேசையை விட்டு ரெண்டடி பின்னால போனேன். ஏன்னா, குறையாத இலை யாரோடதுன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், செத்தவங்களுக்குப் படையல் போட்டா வந்து சாப்பிட்டுட்டுப் போவாங்க, இலையில ஒரு பருக்கை குறையாது.

ஊர்க்காரங்க அதுக்கு அலறலை, அதுதான் எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு. அந்த வருசம் காத்து முன்கூட்டியே வந்துட்டுன்னு சொல்லுத மாதிரி, கோஸ்மாவுக்குத் தட்டு நின்னு போச்சுன்னு சொன்னாங்க. பொறவு பள்ளிக்கூடத்து வாத்திச்சிக்கு நின்னுது, ரொட்டிக்கடைத் தனாசி பொண்டாட்டிக்கு நின்னுது, தபால்காரர் ஃபோத்திக்கு நின்னுது. கடையில ஒவ்வொரு கிண்ணம் கோதுமை பேர் இல்லாம விக்கும்போதும் ஊருக்குள்ள ஒரு பேரு அதுக்குள்ள போய் உக்காந்துக்கிடுதுன்னு புரிஞ்சவங்களுக்கும் அதைச் சொல்ல வாய் வரலை, கோடைக் கூட்டம் அப்படி அலைமோதுச்சு. கோஸ்மா சாப்பிடுததைப் பாக்கவே ஆளுக வந்தாங்க, குறையாத கிண்ணம்னு படம் எடுத்தாங்க, காலியோப்பி வெக்கம் இல்லாம அவரை வாசலோரத்து மேசையில உக்காரவச்சா, அவரும் பசியோட நாள் முழுக்க அதே கஞ்சியைக் குடிச்சுக்கிட்டு வாரவங்களுக்குக் கை காட்டினாரு.

கொஞ்ச நாள்ல ஊர் வழக்கமே மாறிப்போச்சு. தெருவுல பாத்தா சௌக்கியமான்னு யாரும் கேக்கலை, "தட்டு காலியா?"ன்னு கேட்டாங்க, "காலி, கடவுளுக்குத் தோத்திரம்"னு பதில் சொல்லிட்டு வேகமா நடந்தாங்க. கல்யாண வீட்ல மாப்பிள்ளை பொண்ணைப் பாக்கலை, அவ தட்டைப் பாத்தான். பொம்பளைங்க அண்டை வீட்டுக்குப் பலகாரம் குடுத்துவிட்டுட்டு, பாத்திரம் எப்படித் திரும்பி வருதுன்னு வாசல்லயே காத்துக்கிடந்தாங்க. தட்டு நின்னவங்க அதை மறைச்சாங்க, சாப்பிட்டு முடிச்ச மாதிரி மிச்சத்தைப் பூனைக்குக் கொட்டினாங்க, அந்தக் கோடையில அந்தத் தீவுப் பூனைக எல்லாம் கன்னுக்குட்டி கணக்கா கொழுத்துச்சு.

ஆகஸ்ட் மாதா திருநாளுக்கு ஊரே கோயில் முத்தத்துல உக்காந்து வெள்ளாட்டுக்கறி சாப்பிட்டுது. தபால்காரர் ஃபோத்தி எல்லாரையும் விட ஆசையாச் சாப்பிட்டாரு, எலும்பைக் கடிச்சாரு, விரலை நக்கினாரு, நக்கிக்கிட்டே அப்படியே மேசையில சாஞ்சாரு, தூக்கும்போது உசுரும் இல்லை, உலர்ந்த மட்டை மாதிரி கனமும் இல்லை, அவர் முன்னால நிறைஞ்ச தட்டுல ஆவி பறந்துக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்குத்தான் காலியோப்பி பானையைக் கொண்டுபோய்க் கடல்ல எறிஞ்சா. எறிஞ்சு என்ன செய்ய? கோதுமையைத் தின்னவங்க தின்ன வயித்தோட கப்பல் ஏறி எந்தெந்த ஊருக்கோ போயிட்டாங்க, வித்தது வித்ததுதான், அது திரும்பி வருமா?

பாப்பா ஸ்பீரோவுக்குக் குத்தவுணர்ச்சி, தூக்கம் போச்சு. புதுசாக் கோதுமை அவிச்சு, ஊர்ல செத்தவங்க அம்புட்டுப் பேரையும் தொண்டை கட்டுத வரைக்கும் வாசிச்சாரு, ஒரு தட்டும் குறையலை. அவங்களுக்குத்தான் வருசா வருசம் பேர் சொல்லிப் படைச்சாச்சே, வயிறு நிறைஞ்சவங்க எப்படி வருவாங்க? கடைசியில வழி தெரிஞ்சது கோஸ்மாவாலதான். எலும்பும் தோலுமாப் போன மனுசன், ஒருநாள் அந்தக் கோதுமையில ஒரு வாய் அள்ளிக்கிட்டு, பசி வெறியில அழுது, அவங்கம்மாவுக்குப் பிறந்து ஞானஸ்நானம் குடுக்குமுன்னே செத்துப்போன, பேர் சொன்னா அபசகுனம்னு வீட்ல ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லாத தங்கச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டாரு, "ஸமரக்தி!"ன்னு. கூப்பிட்டுட்டுக் கிண்ணத்தைப் பாத்தா, அடி தெரியுது.

அதுக்குப் பொறவு அந்தத் தீவுல நடந்ததைச் சொன்னா நம்பமாட்டீங்க. ஒவ்வொரு வீடும் படைக்காம விட்ட தன்னோட செத்தவங்களைத் தேட ஆரம்பிச்சுது, உசுரோட உள்ளவங்க பேருக்குப் பதிலாக் கோதுமைக்குள்ள போய் உக்கார ஒரு செத்தவங்க பேரு வேணும்லா. தனாசி பொண்டாட்டி, தூக்குப் போட்டுச் செத்ததால கோயில்ல பேர் சொல்லாம விட்ட சித்தப்பாவைக் கூப்பிட்டா, அவ தட்டு காலியாச்சு. வாத்திச்சி, கல்யாணத்துக்கு முன்னால கலைஞ்சுபோன கருவுக்கு அன்னைக்குத்தான் ஒரு பேரு வச்சு, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, ஊரே கேட்டுக்கிட்டு நிக்கிது, அவளுக்கு மானத்தை விடப் பசி பெருசா இருந்துச்சு. பாப்பா ஸ்பீரோ மட்டும் ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு எச்சரிக்கை சொல்லுவாரு: "சொந்த ரத்தம்தான் கூப்பிடணும். கூப்பிடுத ஆளு செத்தது நிச்சயமாத் தெரியணும். உசுரோட எங்கயாவது இருக்கறவன் பேரைக் கோதுமையில சொல்லிட்டீங்கன்னா, அவன் தட்டு நின்னு போகும், அப்புறம் அவனை நானும் மீட்க முடியாது, அந்த மாதாவும் மீட்க முடியாது."

நான் தள்ளி நின்னு கேட்டேன். எனக்கென்ன, எங்க வீட்ல எல்லாத் தட்டும் காலியாத்தானே இருக்குன்னு நினைச்சேன். மாதாவே, அப்படி நினைச்ச வாய்க்கு நெருப்பை வைக்கணும்.

அத்திப்பழம் முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்திருந்த சமயம். என் மகள் தெஸ்பீனா, நான் தெஸ்பின்னு கூப்பிடுவேன், மத்தியானம் வந்து உருளைக்கிழங்கு பொரியலும் முட்டையும் கேட்டா. வச்சேன். அவ கதை பேசிக்கிட்டே திங்கா, நான் பாத்திரம் கழுவிக்கிட்டே கேக்கேன், திரும்பித் தட்டைப் பாத்தேன், பேசி முடியலை போலன்னு நினைச்சேன், மறுபடி பாத்தேன், முட்டையில மஞ்சக்கரு கூட உடையலை. "சாப்பிடுட்டி" என்னேன். "சாப்பிட்டுக்கிட்டுத்தானம்மா இருக்கேன்"னா.

ஓடிப்போய் மஞ்சப் பருப்பை மசிச்சு, சோத்தை வடிச்சு, நெய் இல்லை, வெண்ணெயை ஊத்திப் பிசைஞ்சேன். தட்டுலதான சூனியம், என் கையில இருக்காதுன்னு ஒரு நம்பிக்கை, பெத்தவ கை வேற இல்லையா? உருட்டி அவ வாயில வச்சேன். வாயை மூடினா, மென்னா, தொண்டை ஏறி இறங்குனதை என் கண்ணால பாத்தேன், விரலை வெளிய எடுத்தா உருண்டை என் விரல்லயே இருக்கு, பிசைஞ்ச ரேகை கூட அழியலை. மறுபடி வச்சேன். மறுபடி இருந்துச்சு. பிள்ளை என் மூஞ்சியைப் பாத்துப் பயந்து, "பசிக்குதும்மா"ன்னு மெதுவாச் சொன்னா. நான் அலறுன அலறல்ல பாந்தெலி படகை விட்டுட்டு ஓடி வந்தாரு.

நாள் போகப் போகப் பிள்ளை மெலிஞ்சா. காலியோப்பி என் கால்மாட்டுல உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டு அழுதா, அவளை நான் ஏசலை, ஏச என்கிட்டச் சத்து இல்லை. பாந்தெலி வீட்டு ஆளுகள்ல படைக்காம விட்டவங்க ஒருத்தரும் இல்லை, காலியோப்பி அந்த விசயத்துல கெட்டி, எல்லாருக்கும் பேர் சொல்லி அவிச்சிருக்கா. என் பக்கத்துலயும் அப்பாவுக்குத் திருப்பலி வச்சு ஊருக்கு அசனச் சாப்பாடு குடுத்தாச்சு, சித்திக்குக் குடுத்தாச்சு. என் பேரையே சொல்லிரலாம்னு கோதுமைக்கு முன்னால நின்னு "பிலோமினா, பிலோமினா"ன்னு கத்தினேன், ஒண்ணும் நடக்கலை. பாப்பா ஸ்பீரோ என் தலையில கை வச்சு, "கூப்பிடுதவ ஏற்கெனவே நிக்கிற இடத்துக்கு எப்படிம்மா வருவா?"ன்னாரு.

அப்ப மிச்சம் இருந்தது ஒரே ஒரு பேருதான். பாந்தெலிக்கு அது தெரியும்.

எனக்கு ஒரு தம்பி. செலஸ்தின். நான் தூக்கி வளத்தவன், எனக்கு முதல் பிள்ளைன்னே சொல்லலாம். விசைப்படகுல, பல நாள் கடல்லயே கிடந்து மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போனவன், புயல்ல படகு உடைஞ்சு, கூடப் போனவங்க பிரேதம் எல்லாம் கரை ஒதுங்குச்சு, இவனோடது மட்டும் ஒதுங்கலை. மாலத்தீவு ஜெயில்ல பாத்தேன்னு ஒருத்தன் சொன்னான், கொழும்புல மேசன் வேலை பாக்கான்னு இன்னொருத்தன் சொன்னான், போய்ப் பாத்தா இல்லை. பங்குச் சாமியார் இறந்தோர் திருப்பலி வைப்போமான்னு கேட்டதுக்கு எங்கம்மா அவரையே தெருவுல நிறுத்தி ஏசிப்புட்டா. அன்னையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் மத்தியானமானா அவனுக்கு ஒரு தட்டு வச்சு, சோறும் மீன்குழம்பும் போட்டு மூடி வைப்பா, சாயங்காலம் காக்காவுக்குக் கொட்டுவா, மறுநாள் மறுபடி வைப்பா.

"செத்துட்டான், பிலோமி. நீயே எத்தனை தரம் சொல்லியிருக்க" என்னாரு பாந்தெலி.

"வாயால சொல்லுதது வேற. கோதுமையில சொல்லுதது வேற. உசுரோட இருந்தான்னா?"

"இவ உசுரோட இருக்கா. உன் கண்ணு முன்னால இருக்கா."

அம்மாவுக்குப் போன் போட்டேன், சும்மா கேக்க மாதிரி கேட்டேன், "தம்பி விசயமா ஏதும் தகவல் உண்டாம்மா?"ன்னு. "வருவான்டி, இன்னைக்கும் தட்டு வச்சிருக்கேன், பிள்ளை என்ன செய்யுதா, நல்லாச் சாப்பிடுதாளா?"ன்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டு வச்சுட்டேன். அடுத்த அறையில பிள்ளை எழுந்து நடக்கச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டிருந்தா.

மறுநாள் காலையில நானே கோதுமை அவிச்சேன். சர்க்கரை போட்டேன், மாதுளை முத்து போட்டேன், தரையில சிதறின பாதாமையும் பொறுக்கிப் போட்டேன். காலியோப்பி, பாந்தெலி, சாமியார் எல்லாரும் நிக்காங்க, தெஸ்பியை மடியில வச்சுக்கிட்டேன், முன்னால ஒரு தட்டுல திராட்சை இலைச் சுருள். கண்ணை மூடினேன். அவன் சின்னப் பிள்ளையில என் தாவணியைப் பிடிச்சுக்கிட்டுக் கடற்கரைக்கு வந்தது கண்ணுல வந்துச்சு. மன்னிச்சிருலேன்னு மனசுக்குள்ள சொன்னேன். வாயைத் திறந்து, "செலஸ்தின்" என்னேன். ஒரே தரம்தான், அதுவும் முனகலாத்தான்.

தெஸ்பி ஒரு சுருளை எடுத்துக் கடிச்சா. தட்டுல அது இருந்த இடத்துல எண்ணெய் மட்டும் மின்னுச்சு. இன்னொண்ணு எடுத்தா. இன்னொண்ணு. காலியோப்பி அடுப்புக்கு ஓடினா, இருந்ததெல்லாம் கொண்டுவந்து வச்சா, பிள்ளை தின்னா, தின்னா, ரொட்டியால தட்டைத் துடைச்சுத் தின்னா, அந்தக் காலித் தட்டை நான் எடுத்து நெஞ்சோட சேத்து வச்சுக்கிட்டு வாய்விட்டு அழுதேன், வெளிய தெருவுல யாரோ "தட்டு காலியா?"ன்னு கேக்காங்க, பாந்தெலி தொண்டை கிழிய "காலி! காலி!"ன்னு கத்துதாரு, மணியடிக்கச் சாமியாரே மேட்டுல ஓடுதாரு. அந்த நேரம் என் போன் அடிச்சுது. தூத்துக்குடியில அப்ப மத்தியானச் சாப்பாட்டு வேளை.

"ஏட்டி பிலோமி!" அம்மா குரல் குமரிப் பிள்ளை குரல் மாதிரி இருந்துச்சு. "நான் சொன்னேன்லாட்டி! நான் சொன்னேன்லா! வந்துட்டான்டி!"

யாருன்னு நான் கேக்கலை.

"இப்பத்தான்டி, வாசல்ல வந்து நிக்கான், கொஞ்சம் கறுத்திருக்கான், அம்புட்டுத்தான். இத்தனை வருசம் எங்கலே இருந்தன்னு கேட்டா, தெரியலம்மா, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாப்புல இருந்துச்சு, எழுந்து வந்துட்டேங்கான். வச்ச தட்டுல அப்படியே உக்காந்துட்டான்டி, சாளைமீன் குழம்பு, அவனுக்குன்னே வச்சது. வந்ததுலேருந்து திங்கான். ஏட்டி, ஒரு அதிசயம் கேளு, அள்ள அள்ளக் குறையலைடி! தட்டு நிறைஞ்சபடியே இருக்கு! ஆண்டவர் அன்னைக்கு அப்பத்தைப் பெருக்கினாருல்லா, அதே புதுமை நம்ம வீட்டுலயும் நடக்கு, தெருவே வந்து பாத்துக்கிட்டு நிக்கிது. என்னட்டி பேச மாட்டேங்க? சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சா? இந்தா, அவன்கிட்டக் குடுக்கேன், பேசு. ஏலே, அக்காடா, பேசுலே."

போன் கை மாறுத சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் யாரோ மெல்லுத சத்தம், விழுங்குத சத்தம், மறுபடி மெல்லுத சத்தம். என் மடியில தெஸ்பி காலித் தட்டைத் தட்டி இன்னும் கொஞ்சம்னு கேட்டா.

"அக்கா" என்னான்.

"சொல்லுலே" என்னேன்.

"பசிக்குதுக்கா."